காய்ச்சல் தணிந்த பிறகு காதையும் பாருங்கள்: வடமாகாண சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், எங்கள் மாவட்டத்தின் குழந்தை நல வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

மூளைக்காய்ச்சலில் இருந்து பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைகளின் காதுகளைப் பற்றி எழுதுகிறேன். கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் செவிப்புலன் பரிசோதனை இல்லாமல் வைத்தியசாலை விடுதியை விட்டுப் போகக் கூடாது. போக நேர்ந்தால், நான்கு வாரத்துக்குள் பரிசோதனை செய்வதற்கான திகதி தாயின் கையில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுகள் மாவட்டத்தில் ஒரே இடத்தில் பதியப்பட வேண்டும். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், மூளைக்காய்ச்சலைத் தரும் நியூமோகொக்கஸ் என்ற பக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசியை இலவச அட்டவணையில் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும்.

என் மகனுக்குப் பத்து மாதத்தில் இந்த நோய் வந்தது. கிளினிக் கொப்பியில் அந்த வயதுக்குரிய ஊசி எல்லாம் போட்டு ஒப்பமும் வைத்திருந்தது. கடும் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. அழுகை வழமையான அழுகையாக இல்லை, கீச்சென்று இருந்தது. உச்சிக்குழி புடைத்திருந்தது. முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் பயந்து போனார்கள். ஒரு இளம் வைத்தியர் எங்கள் பக்கத்தில் வந்திருந்து, ஏன் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அவர் அன்று அவசரப்பட்டுக் கதைத்திருந்தால் நாங்கள் மறுத்திருப்போம். எடுத்த நீரில் நியூமோகொக்கஸ் கிருமி இருந்தது. பிள்ளை பிழைத்தான். அவனைக் காப்பாற்றியவர்களுக்கு நான் என்றைக்கும் நன்றியுடையவள்.

ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு எழுதித் தந்த நாளில் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. வீட்டுக்கு வந்தால், பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை இருக்கவே தள்ளாடினான். காய்ச்சலின் களைப்பு என்றார்கள். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் உட்காதுக்குள்தான் இருக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவரை சொல்லிக்கொண்டிருந்த "ம்மா", "தத்தா" எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நின்று போயின. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், இவன்ர தகப்பனும் மூன்று வயசிலதானே கதைச்சவர்" என்று மாமி சொன்னார். அவர் வஞ்சகமில்லாமல்தான் சொன்னார், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வது அது. திருவிழாவில் தவில் முழங்க, அவன் என் தோளில் நித்திரை. குழப்படி இல்லாத பிள்ளை என்று சனம் மெச்சியது.

பரிசோதனை நடந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. இரண்டு காதிலும் கேட்கவில்லை. பிறகு ஸ்கான் எடுத்தார்கள். ஒரு பக்க உட்காதுக்குள் எலும்பு வளர்ந்து மூடத் தொடங்கியிருந்தது.

உங்களில் பலருக்கு இது பாடம். ஆனால் இந்த மடலைப் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மூளையைச் சுற்றியுள்ள நீரும் உட்காதில் உள்ள நீரும் மிகச் சிறிய ஒரு கால்வாயால் தொடர்புபட்டவை. மூளை உறையில் பெருகும் பக்டீரியாவும் அதனால் வரும் அழற்சியும் அந்த வழியாக, நத்தை ஓட்டு வடிவில் இருக்கும் கேள்வி உறுப்புக்குள் இறங்குகின்றன. ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அங்கே அழிகின்றன. அவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இந்தச் சேதம் பெரும்பாலும் நோயின் முதல் நாட்களிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் முதல் அன்டிபயோட்டிக் ஊசியோடு, அல்லது அதற்குச் சற்று முன், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்ற மருந்தைக் கொடுப்பது பற்றி மருத்துவ நூல்கள் பேசுகின்றன. குறிப்பாக ஹிப் என்ற இன்னொரு பக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் அது செவிப்புலன் இழப்பைக் குறைக்கிறது.

அடுத்து நடப்பதுதான் எங்களைப் போன்ற குடும்பங்களை வீழ்த்துகிறது. அழற்சி ஆறும்போது அந்த நத்தைச் சுருளுக்குள் முதலில் நாரும் பிறகு எலும்பும் வளரக்கூடும். அது சில வாரங்களிலேயே தொடங்கலாம். சாதாரணக் கேட்கும் கருவி பயன்படாத அளவுக்குக் காது பழுதான பிள்ளைக்கு இருக்கும் வழி, சத்திரசிகிச்சை செய்து உட்காதுக்குள் பொருத்தும் கொக்லியர் இம்பிளான்ட் என்ற கருவி. அதன் மின்வாய்க் கம்பி அந்தச் சுருளுக்குள் போக வேண்டும். வழி அடைபட்டுப் போனால் சத்திரசிகிச்சை கடினம், சில பிள்ளைகளுக்குக் கம்பி பாதிதான் போகும். வேறு காரணங்களால் செவிப்புலன் இழந்த பிள்ளைக்கு ஒரு மாதம் பிந்துவதும், மூளைக்காய்ச்சலால் இழந்த பிள்ளைக்கு ஒரு மாதம் பிந்துவதும் ஒன்றல்ல. நான்கு வாரம் என்று நான் கேட்பது இதனால்தான். பிரித்தானியாவில் மருத்துவர்களுக்கான வழிகாட்டலிலும் அதே நான்கு வாரம்தான் இருக்கிறது.

இது அரிதாக நடக்கும் ஒன்று என்று யாரும் தள்ளிவைக்க முடியாது. பக்டீரியா மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீண்டகாலப் பாதிப்பு ஏதாவது ஒன்று தங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவற்றில் முதலிடத்தில் நிற்பது செவிப்புலன் இழப்பு. நியூமோகொக்கஸ் கிருமியால் வந்ததென்றால் ஆபத்து மற்றவற்றைவிட அதிகம். குழந்தைப் பருவச் செவிப்புலன் இழப்பில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்றும் அதே நிறுவனம் 2016இல் சொன்னது.

தடுப்பதில் நாங்கள் பின்தங்கிய நாடு இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிறந்த பிள்ளை வைத்தியசாலையை விட்டு வரும் முன்னே பிசிஜி போடுகிறோம். காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலில் இருந்து சிறு குழந்தைகளைக் காப்பது அந்த ஊசி. 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான எம்எம்ஆர் ஊசி போடுகிறோம். கூகைக்கட்டு ஒரு காதைச் செவிடாக்கும், கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா பிறக்கும் பிள்ளையின் இரண்டு காதையும் கெடுக்கும். இரண்டுக்கும் அந்த ஊசி காவல். ருபெல்லாவை இல்லாமல் செய்த நாடு என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் எங்களை அறிவித்தது. தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் இலங்கையும் மாலைதீவும்தான் அந்த வரிசையில் முதலில் நின்றன. யுத்தம் நடந்த 1990களில்கூட, போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துவக்குகளைத் தாழ்த்தி வைத்தன. வேறு எதற்கும் இணங்காதவர்கள் குழந்தைகளின் வாயில் விழும் இரண்டு சொட்டுக்கு இணங்கினார்கள். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ நோயாளி ஒருவரும் இல்லை.

ஹிப் ஊசியின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு காலத்தில் உலகமெங்கும் சிறு பிள்ளைகளின் மூளைக்காய்ச்சலுக்கு ஹிப் தான் பெருங்காரணம். அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு ஐந்து வயதுக்குக் கீழ் அந்நோய் 99 சதவீதம் குறைந்தது. எங்கள் நாட்டில் 2008இல் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியாக, பென்டாவலன்ட் என்ற பெயரில் வந்தது. சில குழந்தைகளின் இறப்புக்குப் பிறகு அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது, விசாரிக்கப்பட்டது, ஊசிதான் காரணம் என்று நிறுவப்படாததால் 2010இல் திரும்பவும் தொடங்கியது. பயம் வந்த இடத்தில் நிறுத்தி, ஆராய்ந்து, விளக்கம் சொல்லித் திரும்பத் தொடங்கியதால்தான் சனம் நம்பியது. இன்று 2, 4, 6 மாதங்களில் தாய்மார் சொல்லாமலே கிளினிக் வாசலில் நிற்கிறார்கள். நாட்டில் 95 சதவீதத்துக்கும் மேலான பிள்ளைகள் இந்த ஊசிகளைப் பெறுகிறார்கள். பக்கத்து நாடுகள் பொறாமைப்படும் அளவு இது.

ஆனால் அந்தப் பக்கத்து நாடுகளின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஓர் ஊசி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. பாகிஸ்தான் 2012இல் நியூமோகொக்கஸ் ஊசியைத் தன் அரச திட்டத்தில் சேர்த்தது. வங்காளதேசமும் நேபாளமும் 2015இல் சேர்த்தன. இந்தியா 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. உலகில் 150க்கும் மேற்பட்ட நாடுகள் இதைப் போடுகின்றன. நாடுகள் இதைக் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்ப்பதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது. இங்கே அது தனியார் வைத்தியசாலையில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போடும் ஊசி. ஒன்று போதாது, மூன்று முறை போட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். இலண்டனில் பிறக்கும் பேரப்பிள்ளைக்கு 2006 முதல் இந்த ஊசி இலவசம். அதே அம்மம்மாவின் மற்றப் பேரப்பிள்ளை புங்குடுதீவிலோ சுன்னாகத்திலோ பிறந்தால் அப்படி ஓர் ஊசி இருப்பதே தெரியாது. 12 மாதத்தில் போடும் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். அது நுளம்பு பரப்பும் ஒரு வைரசுக்கு எதிரானது. நான் பேசும் பக்டீரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெளிநாட்டு உறவுகளிடம் காசு சேர்த்து ஊருக்கு ஊர் ஊசி போடலாமே என்று ஒரு அன்பர் என்னிடம் சொன்னார். நல்ல மனம்தான். ஆனால் இது காசுள்ள ஊருக்கு மட்டும் போட்டால் முழுப் பலன் தரும் ஊசி இல்லை. நியூமோகொக்கஸ் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் நோய் காட்டாமலே வாழும் கிருமி. போதிய பிள்ளைகளுக்குப் போட்டால், அந்தக் கிருமி ஊருக்குள் உலவுவதே குறைகிறது, போடாத கைக்குழந்தையும் வீட்டிலிருக்கும் முதியவரும்கூடத் தப்புகிறார்கள். அப்படி எல்லோரையும் எட்டும் வழி அரச கிளினிக் ஒன்றுதான். புதிய கட்டடமோ புதிய ஆளணியோ தேவையில்லை. தாய்மார் ஏற்கெனவே வரும் அதே நாட்களில் போடலாம்.

செலவைப் பற்றி நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நிலைமை பத்து ஆண்டுக்கு முன் இருந்ததுபோல இல்லை. இந்தியாவின் சீரம் நிறுவனம் பத்து வகைக் கிருமிகளுக்கு எதிரான குறைந்த விலை ஊசி ஒன்றைத் தயாரித்து, 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன் தகுதியும் பெற்றுவிட்டது. மறுபக்கத்தில், செவிப்புலன் இழந்த ஒரு பிள்ளைக்கான செலவையும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டும். கொக்லியர் இம்பிளான்ட்டுக்கு இலட்சக்கணக்கில் வேண்டும். பிறகு வெளிக்கருவி பழுதாகும், வயர் அறும், பற்றரி வேண்டும், வளரும் பிள்ளையின் கேட்கும் கருவிக்கு, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்ட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கருவியைச் சீர்படுத்த இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பி, காலையில் வேலைக்குப் போகும் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையும் தாய்மாரில் நானும் ஒருத்தி. இன்னொன்று: இம்பிளான்ட் வைத்த பிள்ளைக்கு மறுபடி மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதால், அவர்களுக்கு நியூமோகொக்கஸ் ஊசி போட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. முதலில் போட்டிருந்தால் காதே தப்பியிருக்கக்கூடும். அந்த ஊசியைத்தான் காது போன பிறகு காசு கொடுத்து வாங்கிப் போட்டோம்.

இந்த ஊசி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. நியூமோகொக்கஸில் ஏறத்தாழ நூறு வகை உண்டு, ஊசி அவற்றில் அதிகம் கொல்லும் சிலவற்றுக்குத்தான். மெனிங்கோகொக்கஸ் என்ற மூன்றாவது கிருமியும் இருக்கிறது. 2023இல் காலிச் சிறைச்சாலையில் அது உயிர்களை எடுத்ததை எல்லோரும் அறிவோம். ஆகவே எவ்வளவு ஊசி போட்டாலும், நோய் வந்து பிழைத்த பிள்ளையின் காதைப் பார்க்கும் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, தடுப்பூசி அட்டவணை கொழும்பின் முடிவு, மாகாணத்தின் கையில் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் கொழும்பு எதைப் பார்த்து முடிவெடுக்கும்? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டெங்கு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று மாவட்டம் மாவட்டமாகப் போகும் அட்டவணையில் மூளைக்காய்ச்சலுக்கும் ஒரு நிரல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. காய்ச்சல் எண்ணப்படுகிறது. அந்தக் காய்ச்சலில் பிழைத்தவர்களில் எத்தனை பேருக்குக் காது கேட்கிறது என்பது அதில் இல்லை. என் மகன் அந்த நிரலில் ஓர் எண்ணாக இருந்திருப்பான். அவனுடைய காது எந்த நிரலிலும் இல்லை. எண்ணாத ஒன்றுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். அதை எண்ணுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அது எவ்வளவு பெரிய வேலை? மாவட்டத்தில் இந்த நோயோடு வரும் பிள்ளைகள் டெங்கு நோயாளிகளைப் போல விடுதியை நிரப்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் விடுதியில் இருக்கும்போதே பரிசோதனை. நித்திரையில் தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, நரம்பு வரை ஒலி போகிறதா என்று பார்க்கும் ஏபிஆர் பரிசோதனையாக அது இருக்க வேண்டும். காதுக்குள் சின்னக் கருவியை வைத்துப் பார்க்கும் ஓஏஈ மட்டும் போதாது, நரம்புப் பாதையில் உள்ள பழுதை அது தவறவிடும். குறை தெரிந்தால் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் அன்றைக்கே கடிதம். சாதாரண கிளினிக் வரிசையில் நிற்க விடக்கூடாது. முதல் முறை சரியாக இருந்தாலும் சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை. எந்தக் கிருமி, என்ன வயது, எந்த ஊசிகள் போட்டிருந்தது, காது எப்படி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி.

ஆதார வைத்தியசாலைகளில் இருந்து அனுப்பப்படும் பிள்ளைகளையும் தீவகத்துப் பிள்ளைகளையும் தனியாக நினைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து வரும் தாயை, பரிசோதனைக்கு இன்னொரு நாள் வாருங்கள் என்றால் அவர் வரமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். அவருடைய பிள்ளைக்கு விடுதியில் இருக்கும்போதே செய்தாக வேண்டும்.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் போகிறார்கள், எந்தப் பிள்ளை எந்த மாதம் எத்தனை கிலோ என்று மனதில் வைத்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் "மூளைக்காய்ச்சல் வந்தது, காது பார்த்தாயிற்றா?" என்று ஒரு வரி இருந்தால் அவர்கள் விடமாட்டார்கள். "பிந்திக் கதைப்பான்" என்று மாமிமார் சொல்லும் அந்த வீட்டுக்குள் நுழைந்து, இல்லை அம்மா, ஒருக்கால் காட்டிப்போட்டு வாங்கோ என்று சொல்லக்கூடிய ஆள் அவர் மட்டும்தான். செவிப்புலன் இழந்த பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையின் ஆசிரியர்களையும் கேளுங்கள். பிள்ளைகள் எந்த வயதில், எந்தக் காரணத்தால் தங்களிடம் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் அவர்கள்.

உங்களால் முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2024 டிசம்பரில் வடமராட்சியில் இளம் வயதினர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று கண்டறிந்து, வயலில் இறங்கும் மக்களைத் தேடிப்போய் மாத்திரை கொடுத்தீர்கள். அந்த வேகத்தில் கால்வாசி போதும்.

2020இல் உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் மூளைக்காய்ச்சலை முறியடிக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதில் தடுப்பூசியோடு, பிழைத்தவர்களின் பராமரிப்பும் ஓர் அங்கமாக இருக்கிறது. இலங்கையும் அந்தப் பேரவையில் இருக்கும் நாடுதான்.

ஒக்டோபர் 5 உலக மூளைக்காய்ச்சல் தினம். இந்த முறை அந்த நாளில் மாவட்ட அளவிலான அந்தப் பதிவேட்டைத் தொடங்கி வைக்கும்படி கேட்கிறேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் மூளைக்காய்ச்சலோடு விடுதியில் இருந்து போன பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் பழைய பதிவுகளில் இருக்கும். அவர்களை முதலில் கூப்பிட்டுக் காதைப் பாருங்கள். இன்னும் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். கூப்பிட்டால் வரத் தயங்கும் குடும்பங்களோடு கதைப்பதற்கு எங்களைப் போன்ற பெற்றோர் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த நாளில், எந்தப் பணிமனைக்கு வர வேண்டும் என்று சொன்னால் வருகிறோம்.

இப்படிக்கு,
வலிகாமத்தில் இருந்து ஒரு தாய்